ஷாஹ்பாஸ்: ஒரு சொல்லும் ஒரு குசினியும்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில் டுப்பெலோ என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊர் என்பதைத் தவிர, அதைப் பற்றி நம்மவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அந்த ஊரில் முதியோரைப் பராமரித்துவந்த மெதடிஸ்த கிறிஸ்தவ அமைப்பொன்று, 2003ஆம் ஆண்டு தன்னிடம் வேலை செய்த பராமரிப்புப் பெண்களுக்கு ஒரு புதுப் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் 'ஷாஹ்பாஸ்'.

இதனை முதன்முறை வாசித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் எண்ணினேன். ஷாஹ்பாஸ் பாரசீகச் சொல். ஷாஹ் என்றால் அரசன், பாஸ் என்றால் ராஜாளி. அரசனின் கையில் அமரும் வேட்டைப் பறவை. சிந்து மாகாணத்தின் செஹ்வான் நகரில் அடங்கியிருக்கும் 13ஆம் நூற்றாண்டு சூஃபி ஞானி லால் ஷாஹ்பாஸ் கலந்தரின் பெயரிலும், நம்மூர்களில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. இக்பாலை வாசித்தவர்களுக்கு அவரது ராஜாளியும் ஞாபகம் வரக்கூடும். அது உயரப் பறக்கும். கூடு மட்டும் கட்டாது. கூடு கட்டாத பறவையின் பெயரை, கிழவர் கிழவிகளின் கூட்டைக் காத்துநிற்கும் பெண்களுக்கு மிசிசிப்பியில் யாரோ வைத்திருக்கிறார்கள்!

இந்தச் சொல்லின் பின்னால் நான் அலைந்ததற்கு இலக்கிய ஆர்வம் மட்டும் காரணமல்ல. அந்த நாட்களில் என் உம்மாவின் குசினிக் கதவுச் சாவி எனது சட்டைப் பையில் இருந்தது.

நான் சொல்வது 2017ஆம் ஆண்டுக் கதை. உம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களின் வழக்கப்படி, வாப்பாவும் உம்மாவும் அரும்பாடுபட்டுக் கட்டிய கல்வீட்டைத் தங்கச்சியின் கலியாணத்தோடு அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பின்னர் அதே வளவுக்குள், ஓர் அறையும் குசினியும் திண்ணையும் கொண்ட சிறிய வீடொன்றைப் போட்டுக்கொண்டு அதற்குள் மாறினார்கள். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அவளின் கூப்பிடு தூரத்தில் முதுமையைக் கழிப்பது நம் முன்னோர் கண்டுவைத்த ஏற்பாடு. அது நல்ல ஏற்பாடுதான், மகள் ஊரிலிருக்கும் வரைக்கும். வாப்பா மௌத்தான பின் மச்சானுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் அவரோடு போனார்கள். உம்மாவுக்குத் துணையாக ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம்.

ஒருநாள் அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, பக்கத்தில் கிடந்த துணியில் நெருப்புப் பற்றிவிட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். அன்று மாலையே நான் குசினிக்குப் பூட்டுப் போட்டேன். காலை ஏழரைக்கும் பகல் பன்னிரண்டரைக்கும் இரவு ஏழுக்கும் என் வீட்டிலிருந்து சாப்பாடு போகும். ஒருநாளும் பிந்தியதில்லை. மூன்று மாதத்துக்குள் உம்மா பாதியாகிப் போனார். டொக்டர் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை என்றார். உம்மா ஒருநாள் கேட்டார்: "நேரத்துக்குச் சோறு வருது, நேரத்துக்கு மருந்து வருது. இது ஊடா மகன், ஆசுபத்திரியா?"

முதியவரின் உறைவிடம் எப்போதிருந்து ஆஸ்பத்திரியின் உருவத்தை எடுத்தது என்பதற்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலேய நாட்டில் ஆதரவற்ற கிழவர்களைக் கவனிப்பது 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊர்த்திருச்சபைப் பிரிவினதும் கடமையாக இருந்தது. 1834இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது உதவி கேட்டு வருவோரை 'வேலைவிடுதி'க்குள் அனுப்புவது பொதுக்கொள்கையாயிற்று. வெளியே உழைத்துண்ணும் மிக வறிய கூலியாளின் நிலையைவிட உள்ளேயிருப்பவனின் நிலை கீழானதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உதவி கேட்க மனிதன் வெட்கப்பட வேண்டும், அஞ்ச வேண்டும் என்று திட்டமிட்டே அமைத்தார்கள். கணவனையும் மனைவியையும் வேறு வேறு கூடங்களில் பிரித்து வைத்தார்கள். அறுபது வயது கடந்த தம்பதியர் கேட்டால் ஒன்றாக இருக்கலாம் என்று சட்டம் சற்று இளகியது 1847இல்தான்.

1948இல் பிரித்தானியாவில் வறியோர் சட்டம் ஒழிக்கப்பட்டது. புதிய இல்லங்களில் பொறுப்பாளருக்கும் முதியவருக்குமான உறவு, ஹோட்டல் நடத்துபவருக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவைப் போல இருக்கும் என்று அமைச்சர் அனைரின் பெவன் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களின் பின் என்ன நடந்திருந்தது என்பதைப் பார்க்கப் புறப்பட்டார் சமூகவியலாளர் பீற்றர் டவுன்சென்ட். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 173 இல்லங்களுக்குப் போய் வந்து 1962இல் 'கடைசிப் புகலிடம்' என்ற பொருளில் தலைப்பிட்டு நூலொன்றை வெளியிட்டார். பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது. பழைய வேலைவிடுதிக் கட்டடங்களிலேயே முதியோர் பலர் வரிசைக் கட்டில்களில் கிடந்தார்கள். செய்வதற்கு ஒரு வேலையில்லை, தனக்கென்று ஒரு மூலையில்லை, உறவுகள் மெல்ல மெல்லக் கழன்றுபோகின்றன என்று அவர் எழுதினார். அவர் பட்டியலிட்ட இழப்புகளில் வேலை இழப்பும் ஒன்று என்பது என்னைத் தைத்தது. எண்பது வயதில் என்ன வேலை என்று நாம் கேட்போம். என் உம்மாவுக்கு வேலை இருந்தது. அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

அமெரிக்காவின் கதை வேறு வழியால் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கும் கிழவர்களுக்கென்று 'ஏழைவிடுதிகள்' இருந்தன. அவற்றை வெறுத்தவர்கள் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியபோது, அரசாங்க விடுதிகளில் இருப்போருக்கு முதியோர் உதவிப்பணம் கிடையாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஏழைவிடுதிகள் தாமாகவே காலியாகிவிடும் என்பது எண்ணம். ஆனால் பணமிருந்தும் பராமரிக்க ஆளில்லாத முதியவர் எங்கே போவார்? தனியார் இல்லங்கள் முளைத்தன. அடுத்து, ஆஸ்பத்திரிகளைக் கட்டுவதற்கென 1946இல் கொண்டுவந்த ஹில்-பேர்ட்டன் சட்டத்தை 1954இல் விரித்து, முதியோர் பராமரிப்பு நிலையங்களைக் கட்டவும் அந்த நிதியைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சட்டத்தின் காசு. ஆகவே ஆஸ்பத்திரியின் வரைபடம். நீண்ட நடைகூடம், இருபுறமும் இரண்டு கட்டில் அறைகள், நடுவில் தாதியர் மேசை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் சில நாளில் திரும்பி வருவான். இங்கே வருகிறவருக்கு மிச்ச ஆயுள் முழுவதும் இதுதான் வீடு என்பதை அந்த வரைபடத்திடம் யாரும் சொல்லவில்லை. 1965இல் அரச மருத்துவக் காப்புறுதித் திட்டங்கள் வந்ததும் இவை பெருந்தொழிலாக வளர்ந்தன. முதியோரைக் கதிரையோடு கட்டி வைப்பதும் மயக்க மருந்து கொடுத்து அடக்குவதும் எவ்வளவு பெருகியிருந்ததென்றால், 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தவே மத்திய சட்டமொன்று தேவைப்பட்டது.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், இரு நாடுகளில் வருகிறார்கள்.

ஒருவர் பிரித்தானியாவின் பிரட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொம் கிட்வூட். மறதிநோயாளரைப் பராமரிக்கும் இடங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து, என்ன நடக்கிறதென்று குறித்துக்கொண்டவர். மூளையின் சிதைவு பாதிதான், மீதியைச் சுற்றியிருப்பவர்களின் நடத்தை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அவரால் செய்யக்கூடியதைப் பறித்து நாமே செய்துவிடுவது, குழந்தைபோல் நடத்துவது, அவர் முன்னிலையிலேயே அவர் இல்லாததுபோல் பேசிக்கொள்வது என அவர் குறித்த நடத்தைகள் நீள்கின்றன. இவற்றைச் செய்பவர்கள் கெட்டவர்களல்லர், பெரும்பாலும் அன்புள்ளவர்களே என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். நோயை விட்டு மனிதரை நடுவில் வைக்கும் பராமரிப்பு என்ற கருத்து 1997இல் வெளிவந்த அவரது நூலின் வழியே பரவியது. மறுவருடமே அவர் இறந்துபோனார்.

மற்றவர் டொக்டர் பில் தோமஸ். ஹாவாட்டில் மருத்துவம் படித்துவிட்டுக் கிராமத்தில் கமம் செய்து வாழ விரும்பிய விசித்திரமான மனிதர். 1991இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ பேர்ளின் என்ற சிற்றூரில் எண்பது பேர் தங்கியிருந்த சேஸ் மெமோரியல் என்ற நிலையத்துக்கு வைத்தியராகப் போனார். தோலில் ஏற்பட்ட ஒரு தடிப்பைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு கிழவி அவரது கையைப் பிடித்து, தான் தனித்துப்போய் இருப்பதாகச் சொன்னாராம். அதற்கு எந்த மருந்தும் தான் படித்ததில் இல்லை என்று தோமஸ் பின்னர் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தனிமை, கையாலாகாமை, சலிப்பு ஆகிய மூன்றுமே இந்த இடங்களின் கொள்ளைநோய்கள் என்று அவர் கண்டார்.

அவர் கண்ட வைத்தியம் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகள்! நூறு கிளிகளும் ஒரே நாளில் வந்திறங்கின. கூடுகளோ இன்னும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஓர் அறைக்குள் கிளிகளைத் திறந்துவிட்டு, நிலையமே அல்லோலகல்லோலப்பட்ட காட்சியை அதுல் கவாண்டே 2014இல் எழுதிய நூலில் வாசித்துச் சிரித்தேன். டொக்டர் நண்பர் ஒருவர் உம்மாவைப் பார்க்க வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நூல் அது. பேசாதிருந்தவர்கள் கிளிக்குப் பெயர் வைத்தார்கள். நடக்காதிருந்தவர்கள் நாயை உலாத்தக் கூட்டிப் போக முன்வந்தார்கள். இரண்டு வருட ஆய்வில், அயலிலிருந்த இன்னொரு நிலையத்தோடு ஒப்பிட அங்கே ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகளின் தொகை பாதியாகியிருந்தது. ஒரே ஒரு நிலையத்தின் கணக்கை வைத்துப் பெரிதாகக் கூத்தாட முடியாதுதான். ஆனாலும் அந்தக் கிழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கிளியல்ல, கிளிக்குத் தீன் போடும் பொறுப்பு என்பதைக் கவாண்டே சரியாகவே பிடித்துக் காட்டுகிறார்.

தோமஸுக்கோ அது போதவில்லை. நடைகூடமும் தாதியர் மேசையும் அப்படியே இருக்க, அதற்குள் எத்தனை கிளிகளை விட்டாலென்ன? கட்டடத்தையே மாற்ற வேண்டும், அதைவிட முக்கியமாக அதற்குள் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதை மாற்ற வேண்டும் என்றார். டுப்பெலோவில் பெரியதொரு புதிய நிலையம் கட்டும் திட்டத்தோடிருந்த ஸ்டீவ் மெக்காலிலி என்பவர் இந்தப் பேச்சைக் கேட்டு, வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டார். 2003இல் அங்கே நான்கு வீடுகள் எழுந்தன. 'பசுமை வீடு' என்று பெயர். வீட்டுக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் தனியறை, தனிக் குளியலறை. எல்லா அறைக் கதவும் நடுவிலுள்ள ஒரு கூடத்தை நோக்கித் திறக்கும். அங்கே கணப்படுப்பு, அனைவரும் சேர்ந்து உண்ண ஒரே ஒரு நீண்ட மேசை, அதற்கு அருகில் திறந்த குசினி. மறதிநோய்ப் பிரிவில் இருந்தவர்களும் அங்கே குடிவந்தார்கள். நடைகூடம் இல்லாததால் கட்டிலிலிருந்து மேசைக்கு இருந்த தூரம் சில எட்டுத்தான். கறி தாளிக்கும் வாசம் வந்தால் எழும்பி வரலாம். வராமல் படுத்தும் கிடக்கலாம். எழுப்ப மணி அடிக்காது.

குசினியில் நிற்பவர்தான் ஷாஹ்பாஸ். பழைய நிலையத்தில் குளிப்பாட்டுவது ஒருவர், சமைப்பது வேறொருவர், கூட்டுவது இன்னொருவர். இங்கே ஒரே பெண் சமைப்பார், உடுப்புத் துவைப்பார், குளிப்பாட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். வழக்கமான உதவியாளர் பயிற்சிக்கு மேலாக நூறு மணித்தியாலத்துக்கும் அதிகமான பயிற்சி பெற்றவர். வேலைநேரப் பட்டியலையும் சமையற் பட்டியலையும் ஷாஹ்பாஸ்கள் தமக்குள் பேசி முடிவு செய்வார்கள். தாதியும் வைத்தியரும் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். மருத்துவ விடயங்களில் சொல் அவர்களுடையது, வீட்டு விடயங்களில் அல்ல. தாதியர்களுக்கு இது இலகுவாகச் செரித்திருக்காது என்று ஊகிக்கலாம். காலங்காலமாக அடுக்கின் அடித்தட்டில் இருந்தவளுக்கு அரச பறவையின் பெயர்! பன்மைக்கு 'ஷாஹ்பாஸிம்' என்கிறார்கள். பாரசீகச் சொல்லுக்கு ஹீப்ரு விகுதி. இலக்கணப் பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரோசலி கேன் என்ற பேராசிரியர் தலைமையிலான குழுவினர் இரண்டு வருடங்கள் இந்த வீடுகளைக் கவனித்து, வழமையான இரண்டு நிலையங்களோடு ஒப்பிட்டு 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தன்மானம், தனிமறைவு, தன் விருப்பப்படி இருத்தல், உணவில் இன்பம் போன்றவற்றில் பசுமை வீட்டார் மேலாக இருந்தனர். 2005இல் ரொபர்ட் வூட் ஜோன்சன் மன்றத்தின் நிதி கிடைத்த பின்னர் வேறு மாநிலங்களிலும் இவ்வீடுகள் எழுந்தன. 2020இன் கொரோனாக் காலத்தில் பெரிய நிலையங்களில் முதியோர் கொத்துக் கொத்தாக இறந்தபோது, இச்சிறு வீடுகளில் தொற்றும் மரணமும் குறைவாக இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஆயினும் அந்த நாட்டில் ஏறத்தாழ 15,000 பராமரிப்பு நிலையங்கள் இருக்க, இவ்வீடுகள் சில நூறுதான். காசு ஒரு காரணம். கட்டளையிடும் பழக்கத்தை விட மனம் வராதது மற்றக் காரணம் என்பது என் எண்ணம்.

நெதர்லாந்தின் வீஸ்ப் நகரில் மறதிநோயாளருக்கென 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேக் கிராமத்தில் கடை, உணவகம், முற்றம் எல்லாம் இருக்கின்றன. அங்கும் ஒரு வீட்டில் ஆறேழு பேர்தான். அவரவர் வாழ்ந்த முறைக்கேற்ற வீடு. சமையல் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. அதுவொரு நாடகமேடை என்று குறை சொல்வோரும் உளர்.

நம் பக்கம் திரும்புகிறேன். எங்கள் சமூகத்தில் முதியோர் இல்லம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கூட்டங்களில் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்கிறது. கவனிக்காத பிள்ளையிடம் செலவுப்பணம் கோரி ஒரு சபைக்கு விண்ணப்பிக்கவும் அதில் வழியுண்டு. அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழும் நான் குற்றவாளியல்லன். சோறு, மருந்து, துணைக்கு ஆள் எல்லாம் கொடுத்தேன். டவுன்சென்ட் பார்த்த இல்லங்களிலும் இவையனைத்தும் கொடுக்கப்பட்டன. முதியோர் இல்லத்துக்குக் கட்டடம்தான் வேண்டும் என்பதில்லை, சொந்த வளவுக்குள்ளும் அதை நடத்தலாம் என்பதை நான் செய்து காட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. உம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண் ரியாதில் ஆறு வருடம் வேலை செய்தவள். அங்கே அவள் முழுநேரமும் பார்த்தது எழும்ப முடியாத ஒரு மூதாட்டியைத்தான். தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, வுழூச் செய்ய உதவி, இரவில் பக்கத்தில் படுத்து. அந்த ஆறு வருடத்தில் அவளது சொந்த உம்மா ஊரில் மௌத்தானார். ஜனாஸாவுக்கு வர முடியவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் 'கத்தாமா'. பணிவிடை செய்பவள் என்ற பொருளில் வரும் அரபுச் சொல்தான். ஆனால் ஊர் திரும்பிய நம் பெண்கள் அதைச் சொல்லும் தொனியில் பொருள் வேறாகிவிடுகிறது. நம் வீட்டில் மட்டும் என்ன? "வேலைக்கு நிற்கிறவள்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களில் எவருக்கும் தெரியாத வேலையை அவள் அறிந்திருந்தாள் என்பதை நான் கேட்டதே இல்லை. குசினியைப் பூட்டியபோதும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பின்னர் கேட்டபோது உடனே சொன்னாள்: "காஸ் சிலிண்டர வெளியில வைங்க நானா. திறக்கிறதும் பூட்டுறதும் நான். மத்ததெல்லாம் உம்மா பார்ப்பா."

அப்படியே செய்தோம். சாவியை அவளிடம் கொடுத்தேன். உம்மா ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரித்தார், தேங்காய்ப் பாலின் பதம் பார்த்தார், ஓயாமல் ஏசினார். அதற்குப் பின் ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தார். கடைசி நாட்களைத் தவிர மற்ற நாளெல்லாம் குசினிக்குள் ஒரு தடவையாவது போய்விட்டு வருவார்.

பூட்டைத் திறந்த முதல் நாள் மீனாணம். நான் போய் வாசலில் நிற்கிறேன். உப்புக் கூடிவிட்டது. "நீங்கதான் ரெண்டு தரம் போட்டீங்க" என்கிறாள் அவள். "நான் ஒருக்காத்தான் போட்டேன், நீதான் பாராமப் போட்ட" என்கிறார் உம்மா. என்னை இருவருமே கவனிக்கவில்லை.